சாயக்கா தறியில் வீட்டுக்காரர் மீசை

சாயக்கா குடிவந்த பிறகு, பாப்பாரப்பட்டியில் எங்கள் தெருவில் எதுவுமே சொந்த நிறத்தில் இருந்ததில்லை. சாக்கடை ஒரு நாள் நீலம், மறுநாள் மஞ்சள். பால்காரர் கேனில் ஊதாக் கைரேகை. அக்காவின் நிஜப் பெயர் சிலிண்டர் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஓவியக் கல்லூரியில் படித்தவர். படம் வரையத் துணி வேண்டுமென்றால் மற்றவர்கள் கடைக்குப் போவார்கள். இவர் தறி வாங்கிவிட்டார். நெய்த பிறகாவது வரைவாரா என்றால் அதுவும் இல்லை. துணிக்கு நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, வெறும் நூலின் மேலேயே படம் வரைந்து, அதைச் சுருட்டித் தறியில் ஏற்றுவார். நெய்யும்போது நூல் நழுவும். யானையாகப் புறப்பட்டது எருமையாகப் போய்ச் சேரும். கடைசியில் வெண்டைக்காயை நறுக்கிச் சாயத்தில் தோய்த்து, ஓரமெல்லாம் அச்சுக் குத்துவார்.

"என்னக்கா, படம் கலங்கலா இருக்குது?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கண்ணாடி போட்டுட்டுப் பாருங்க. இன்னும் நல்லாக் கலங்கும்."

அக்காவுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் தக்காளி விவசாயி. ஊரிலேயே பெரிய மீசை, அதைவிடப் பெரிய கோபம். குலசாமிக்கு நேர்ந்துவிட்டிருந்த அவருடைய வெள்ளைக் கிடா ஈரப் பாவுக்கு அடியில் புகுந்து பச்சையாக வெளியே வந்தது.

"சாமிக்கு விட்ட கெடாம்மா இது! பச்சக் கெடாவக் கொண்டுபோனா பூசாரி என்னய வெட்டுவாரு. வூட்டக் காலி பண்ணுங்க!"

"பாவு கட்டியாச்சுங்க, பாதியில அறுக்க முடியாது. இதுல உங்க படத்தையே போட்டுக் குடுத்துட்டுப் போயிடறேன்."

அவர் கை தானாக மீசைக்குப் போனது. "மீச சரியா வரணும். வந்த அன்னிக்கே கெளம்பிரணும்."

முதல் துணியில் மீசை காதைத் தாண்டியது. அடுத்ததில் நெற்றிக்கு ஏறியது. ஓரத்தில் கிடாவின் குளம்பைத் தோய்த்துக் குத்திய அச்சு மட்டும் அத்தனை துல்லியம்.

"கெடா காலு வருது, எம் மீச வரலியா?" என்று ஒவ்வொரு முறையும் கத்துவார். கத்திவிட்டு, அடுத்த பாவுக்கு அவரே தெருவில் குச்சி நடுவார். பைக்கில் வருகிறவர்களை வேறு வழியில் திருப்பி விடுவார். தறிச் சத்தம் கேட்காத நாளில் அக்காவின் வாசலில் வந்து நின்று இருமுவார்.

இந்தத் தை மாதம் மீசை சரியாக வந்துவிட்டது. ஒரு முடி பிசகவில்லை. வேண்டுமென்றே தப்பாக நெய்யச் சாயக்காவுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் வீடு தப்பியிருக்கும். துணியைக் கொடியில் விரித்துவிட்டு, பிரஷ்களைக் கழுவிப் பையில் போட ஆரம்பித்தார்.

வீட்டுக்காரர் வெகுநேரம் துணியைப் பார்த்தார். கிடா அவர் காலை உரசிக்கொண்டு நின்றது. இப்போது அது மஞ்சள்.

"மீச சரிதானுங்க," என்றார். "காதுதான் கொஞ்சம் பெருசாத் தெரியுது. இன்னொண்ணு போடுங்க."

"காது அளவாத்தானே இருக்குது?" என்று சாயக்கா என்னைப் பார்த்தார்.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். காது கச்சிதமாக இருந்தது.

"ரொம்பப் பெருசுக்கா," என்றேன்.