முத்திரை பார்த்து வாங்கிய உளிகள்

எனக்கு உளிக்கும் அரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இப்போது தெரியும், தெரிந்து என்ன பயன் என்பது வேறு விஷயம். ஒரு ரப்பர் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பேரேடு எழுதும் தலைமைக் கிராணியாக இருந்த நான், அதுவரை சுவரில் ஓர் ஆணிகூட அடித்தது கிடையாது. (ஒரு தடவை அடித்தேன், காலண்டர் மாட்டுவதற்கு. ஆணி வளைந்தது, சுவர் பெயர்ந்தது, காலண்டர் மேஜைமேல் படுத்தபடியே வருஷத்தை முடித்தது.) அப்படிப்பட்டவன் ஒரு மாதம் முழுக்கப் பழைய தச்சுச் சாமான் தேடிக் காஜாங்குக்கும் கிள்ளானுக்கும் அலைந்தான் என்று என் மகள் ராஜேஸ்வரி கதை சொல்ல ஆரம்பித்தால் கேட்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பாதிக் கதை வரைக்கும்.

மலாய் நாட்டுக்குள் ஜப்பான்காரன் வந்த மறு வருஷம் அது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரப்பர் தோட்டங்களில் பிடித்தது போதவில்லை போலிருக்கிறது, லோரிகள் நாங்கள் இருந்த பிரிக்ஃபீல்ட்ஸுக்குள்ளும் வர ஆரம்பித்தன. எங்கள் எதிர்வீட்டுத் தையல்காரர் மண்ணெண்ணெய் வாங்கப் போனார். பாட்டில் மட்டும் யார் கையிலோ வீட்டுக்கு வந்தது. எங்கள் மூத்தவன் சிவஞானத்துக்குப் பதினெட்டு வயது. பள்ளிக்கூடம் மூடிவிட்டதால் வீட்டில் இருந்தான். ஆங்கில இலக்கணத்தைத் தலைகீழாக ஒப்பிப்பான். விரல்கள் வெண்டைக்காய் மாதிரி இருக்கும். தெருவில் லோரிச் சத்தம் கேட்டால் போதும், என் மனைவி கமலம் அவனை அரிசிப் பெட்டிக்குள் உட்காரவைத்து மூடிவிடுவாள். (அரிசி இல்லாததால் பெட்டியில் இடம் தாராளமாக இருந்தது.)

இந்த நேரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. ரயில் பட்டறையில் தச்சர்களை எடுக்கிறார்களாம். வேலையில் சேர்ந்தவனுக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு துணி கொடுக்கிறார்களாம். அந்தத் துணியைப் பார்த்தால் லோரிக்காரன் தொடமாட்டானாம். ஒரே ஒரு நிபந்தனை: சாமான்களைச் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். வெள்ளைக்காரன் ஓடிய அன்றைக்குப் பட்டறையை ஜனங்கள் துடைத்து எடுத்துவிட்டதால் உள்ளே ஓர் உளிகூட இல்லையாம்.

இந்தக் கடைசித் தகவலை நான் காதில் வாங்கினேன், மூளைக்கு அனுப்பவில்லை.

"அவனுக்குத் தச்சு வேலை தெரியாதேங்க" என்றாள் கமலம்.

"சேர்ந்தப்புறம் கத்துக்கலாம். எனக்கு மட்டும் முதல் நாளே பேரேடு எழுதத் தெரியுமா? சாமான் இருந்தா ஆளைச் சேத்துக்குவான்."

"உங்களுக்குச் சாமான் வாங்கத் தெரியுமா?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பங்களாச் சாமான், மூடிய கடைகளின் சாமான் எல்லாம் அப்போது சாலையோரம் பாய் விரித்து விற்கப்பட்டன. ஏலத்துக்கு லேலோங் என்று பெயர். யாரும் ஜப்பான்காரன் பணத்தைக் கையால் தொடமாட்டார்கள்; பொருளுக்குப் பொருள்தான். முதலில் காஜாங் லேலோங்குக்குப் போனேன். என் சைக்கிளில் டயர் கிடையாது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைச் சக்கரத்தில் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தேன். போய்ச் சேர்வதற்குள் என் எலும்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தங்களை அறிமுகம் செய்துகொண்டன. அங்கே ஒரு சீனரிடம், நடுவில் கத்தி பதித்த நீளமான பலகை ஒன்று இருந்தது. இழைப்புளி! தச்சனுடைய பிரதான ஆயுதம்! என் கம்பளிக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தேன்.

ராஜேஸ்வரிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பலகையைப் பார்த்ததுமே கைதட்டிக் குதித்தாள். "அப்பா, ஐஸ் சீவுற பலகை! கோயில் முன்னாடி ஐஸ் உருண்டை விக்கிறவர் வச்சிருப்பாரே, அதேதான்!"

"தச்சர்களும் இதைத்தான் உபயோகிப்பாங்க."

"அப்ப ஏன்பா இதுல சர்க்கரைப் பாகு ஒட்டியிருக்கு?"

சிவஞானம் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினான். அவன் சிரிப்பது எனக்குக் கேட்டது. பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு என்பதால் நான் கோபித்துக்கொள்ளவில்லை.

கிள்ளானில் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் காதர் பாய் என்று ஒருவர் இரும்புச் சாமான் பரப்பியிருந்தார். நாகூர்ப் பக்கத்துக்காரர். முன்பு துணி வியாபாரம், எங்கள் வீட்டுக்கும் துணி விற்றவர். துணி தீர்ந்துபோனதும் கிடைத்ததை எல்லாம் விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய பாயில் இரண்டு குவியல் தச்சுச் சாமான் இருந்தது. ஒன்று பிடி தேய்ந்து, எண்ணெய்க் கறை ஏறி, மங்கலாகக் கிடந்தது. மற்றது கனமான இங்கிலாந்து இரும்பு. ஒவ்வோர் உளியிலும், ரம்பத்திலும், மூலை சரிபார்க்கும் மூலமட்டத்திலும் ஆங்கில எழுத்தும் ஒரு நம்பரும் ஆழமாகப் பொறிக்கப்பட்டிருந்தன.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக முத்திரை இல்லாத காகிதம் எதுவும் என் மேஜையைத் தாண்டியது கிடையாது. முத்திரை இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி. என் உலகம் அவ்வளவுதான். அந்த எழுத்துகளைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர் வராத குறை.

"பாய், இதைக் கட்டுங்க."

காதர் பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கிராணியாரே, யாருக்கு வாங்குறீங்க?"

"மகனுக்கு. வேலைக்குச் சேர்க்கப் போறேன்."

"அப்ப அந்தப் பழைய குவியலை எடுத்துட்டுப் போங்க. காஜாங்கில செத்துப்போன ஒரு ஆசாரியோடது. கைக்கு நல்லா உக்காரும்."

"இதுல முத்திரை இல்லையே."

"முத்திரை இல்லாததுதான் கிராணியாரே நல்லது. சொன்னாக் கேளுங்க."

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். மட்டமான சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார்! எத்தனை சப்ளைக்காரர்களைப் பார்த்திருப்பேன்! "பாய், நானும் நாலு எழுத்துப் படிச்சவன்தான்" என்றேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். சற்றுத் தள்ளி ஒரு சிப்பாய் நின்றிருந்தான். பாய் வாயை மூடிக்கொண்டார். என் பாக்கெட் கடிகாரத்தையும் கமலத்தின் இரண்டு பட்டுப் புடவைகளையும் வாங்கிக்கொண்டு, முத்திரைச் சாமான்களைச் சாக்கில் கட்டினார். "அல்லாஹ் காப்பாத்தட்டும்" என்றார். வியாபார மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

வீட்டில் மூன்று வாரம் பயிற்சி நடந்தது. சிவஞானம் காலையில் தேங்காய் நாரை உள்ளங்கையில் தேய்ப்பான், தோல் தடிக்க வேண்டும் என்பதற்காக. மாலையில் நான் அதிகாரியாக உட்கார்ந்து கேள்வி கேட்பேன். அவன் திணறுவதைப் பார்த்து, பட்டறையில் அவன் வாய் திறக்க வேண்டாம், நானே பேசிவிடுகிறேன் என்று முடிவாயிற்று. "இவன் முதல் தரமான தச்சன்" என்பதை மலாயில் நெட்டுருப் போட்டேன். குளிக்கும்போது சொன்னேன், மரவள்ளிக்கிழங்கு தின்னும்போது சொன்னேன். தூக்கத்திலும் சொன்னதாகக் கமலம் சொல்கிறாள். கடைசி நாள், செங்கல் தூள் போட்டுச் சாமான்களைத் தேய்த்தேன். முக்கியமாக முத்திரைகளைத் தேய்த்தேன். பத்தடி தூரத்திலிருந்தே படிக்கலாம்.

சிவஞானத்தைக் கூட்டிக்கொண்டு போனேன்; பட்டறை வாசலில் ஆள் சேர்க்கும் மேஜை இருந்தது. அங்கே பெருமாள் மேஸ்திரி என்று நம்மவர் ஒருவர் நின்றிருந்தார், வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அங்கே வேலை பார்ப்பவர். நான் சாக்கை அவிழ்த்து, நகைக்கடைக்காரர் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். எழுத்துகள் மேலே தெரியும்படி வைத்தேன்.

மேஸ்திரி மூலமட்டத்தைக் கையில் எடுத்தார். புரட்டினார். முகம் வெளுத்தது.

"ஐயா, இந்த முனை உடைஞ்சிருக்கு பாத்தீங்களா?"

"சின்ன உடைசல்தான் மேஸ்திரி. மற்றபடி அசல் சரக்கு."

"அசல்தான். உடைச்சவன் நான். இது இந்தப் பட்டறைச் சாமான் ஐயா. அத்தனையிலயும் பட்டறை முத்திரை. நீங்க திருட்டுச் சாமானைத் திருட்டுப்போன இடத்துக்கே தூக்கிட்டு வந்திருக்கீங்க."

திருட்டுச் சாமான் வைத்திருந்தவன் தலையை வெட்டி, பாசார் சந்தைக்கு எதிரே ஜப்பான்காரன் வைத்திருந்ததை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். மூன்றாவது தலை எப்படி இருக்கும் என்று எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. சாக்கில் திரும்பக் கட்டலாம் என்று குனிந்தேன். அதற்குள் ஜப்பான் அதிகாரி எங்கள் பக்கம் வந்துவிட்டான். உளி ஒன்றை எடுத்து முத்திரையைப் பார்த்தான். (மிக எளிதாகப் படிக்க முடிந்தது.) என்னைப் பார்த்தான். இடுப்பிலிருந்த வாளின் மேல் கை போயிற்று.

பெருமாள் மேஸ்திரி குனிந்து வணங்கி, துவான் என்று மரியாதை போட்டு, மலாயில் சொன்னார்: "இவர் நல்ல மனுஷர் துவான். யாரோ திருடி வித்ததைத் தேடிப் பிடிச்சு, பட்டறைக்குத் திருப்பிக் கொடுக்க வந்திருக்காரு."

அதிகாரி உளியை மேஜைமேல் வைத்தான். பிறகு சிரித்தான். என் தோளில் தட்டினான். உள்ளே இருந்து ஒரு சிறு மூட்டை அரிசி கொண்டுவரச் சொல்லி என் கையில் கொடுத்தான். நிஜ அரிசி. அதைப் பார்த்தே பல மாதம் ஆகியிருந்தது. மேஸ்திரி கண்ணாலேயே சொன்னார், "போய்விடுங்கள்" என்று. சிவஞானம் என் கையைப் பிடித்து இழுத்தான். இரண்டு அடி எடுத்து வைத்தோம். அவ்வளவுதான், முடிந்திருக்க வேண்டிய கதை.

அதிகாரி பின்னாலிருந்து, "இந்தப் பையன் யார்? என்ன வேலை செய்கிறான்?" என்று மலாயில் கேட்டான்.

மகன், படிக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். நோயாளி என்று சொல்லியிருக்கலாம். சும்மா குனிந்து வணங்கியிருக்கலாம். ஆனால் மூன்று வாரமாக நெட்டுருப் போட்ட வாக்கியம் ஒன்று என் வாயில் காத்துக்கொண்டிருந்தது. எண்ணெய் போட்ட கதவு மாதிரி வாய் தானாகத் திறந்தது.

"இவன் முதல் தரமான தச்சன், துவான்!"

மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லது" என்றான் அதிகாரி. "சயாமில் பாலம் கட்டத் தச்சர்கள் போதவில்லை. லோரி இன்றைக்கே போகிறது."

நான் மண்ணில் விழுந்து, இல்லை, பொய் சொன்னேன், இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று அழுதேன். மகனைப் பிரிய விரும்பாத தகப்பன் அப்படித்தான் சொல்வான் என்று அதிகாரி மேஸ்திரியிடம் சொன்னானாம். அதில் கோபம்கூட இல்லையாம். என்னைத் தூக்கி வெளியே நிறுத்தினார்கள். நான் கொண்டுவந்த உளிகளில் ஒன்றையே சிவஞானத்தின் கையில் கொடுத்து லோரியில் ஏற்றினார்கள். வண்டி என்னைக் கடந்து போகும்போது அவன் பின்பலகைமேல் குனிந்தான். சிரிக்கவில்லை, கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டான்.

"அப்பா, இதை எந்தப் பக்கம் பிடிக்கணும்?"

எனக்குத் தெரியவில்லை.

அரிசி மூட்டையோடு வீட்டுக்கு வந்தேன். கமலம் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். பிறகு மூட்டையைப் பார்த்தாள். மூட்டையை அப்படியே கொண்டுபோய்த் தையல்காரர் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். பிறகு சுமார் ஒரு வருஷம், என்னிடம் அவசியமானதை மட்டும் பேசினாள். அவசியமானது அதிகம் இருக்கவில்லை.

சண்டை முடிந்து வடக்கிலிருந்து ரயில்கள் வர ஆரம்பித்ததும் தினமும் நிலையத்துக்குப் போனேன். ஒரு நாள் பெட்டி பெட்டியாக ஏறி இறங்கித் தேடினேன். கடைசிப் பெட்டிவரை போய்விட்டு ஏமாந்து திரும்பினேன். கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். காலில் பெரிய புண், இலை வைத்துக் கட்டியிருந்தது. "கொஞ்சம் விடுங்க பெரியவரே, என் மகனைத் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

"ரெண்டு தடவை என்னைத் தாண்டிப் போயிட்டீங்கப்பா" என்றார் அவர்.

சயாமைப் பற்றிச் சிவஞானம் எங்களிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னான்: "முதல் ஆணியிலேயே கண்டுபிடிச்சுட்டாங்க." அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதை அவன் முதுகைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

சில மாதம் கழித்து, திரும்பி வந்தவர்களைப் பதிவு செய்ய ஓர் அலுவலகம் திறந்தார்கள். நானும் கூடப் போனேன். மேஜைக்குப் பின்னால் ஒரு சின்ன வயதுக் கிராணி, காதில் பென்சில். பெயர் கேட்டார், வயது கேட்டார். பிறகு நிமிர்ந்து, "தொழில்?" என்றார்.

பழக்கதோஷம், பெரியவன் என்ற முறையில் நான் தொண்டையைச் செருமினேன். உடனே சிவஞானம் என் முழங்காலில் கை வைத்து அழுத்தினான்.

"ஐயா, தயவுசெஞ்சு எங்கப்பாவைக் கேக்காதீங்க" என்றான். சொல்லிவிட்டு அவனே சிரிக்க ஆரம்பித்தான். இருமல் வரும்வரை, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். கிராணிக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் மரியாதைக்குச் சிரித்தார். பிறகு, தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டார். எத்தனையோ படிவங்கள் நிரப்பியிருக்கிறேன். அவ்வளவு அழகான கோட்டை நான் பார்த்ததில்லை.

"அப்பாவைக் கேக்காதீங்க" அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசகம் ஆகிவிட்டது. டாக்டர் கேட்டாலும், பஸ் கண்டக்டர் கேட்டாலும், ராஜேஸ்வரி முந்திக்கொண்டு சொல்வாள். போன மாதம் டெங்கில் ஊரிலிருந்து சிவஞானத்துக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க நான்கு பேர் வந்தார்கள். பெண்ணின் தகப்பனார் நல்ல மனிதர். காப்பியை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்துப் புன்னகையோடு கேட்டார்: "தம்பி என்ன வேலை பாக்கிறாரு?"

வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. கமலம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ராஜேஸ்வரி ஆரம்பிப்பதற்குள் நானே எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். வந்தவர்கள் உட்பட எல்லோரும் சிரிப்பது கேட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்று, சிவஞானம் தானே பதில் சொல்லி முடிக்கிறவரைக்கும் மூச்சு விடவில்லை.