அக்காளுக்கு வந்த முள்ளுப்பழ எண்ணெய்

வடுகபட்டி
தாரண வருடம், சித்திரை 22

பட்டாளத்தில் இருக்கும் சிரஞ்சீவி மாப்பிள்ளை ஒச்சாண்டிக்கு, உங்கள் அக்காள் மூக்கம்மாளின் புருஷன் சுருளியாண்டி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் அக்காளும் நானும் காளை இரண்டும் க்ஷேமம். க்ஷேமம் என்று எழுதிவிட்டேனே தவிர, அதில் என் முகத்தைச் சேர்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளவும்.

மாசி மாதம் லீவில் வந்த கூட்டாளியிடம் ஒரு சீசா எண்ணெய் கொடுத்தனுப்பினீர்கள் அல்லவா. பனிமலையில் முள்ளுச்செடியில் காய்க்கிற ஆரஞ்சு நிறப் பழத்தின் எண்ணெய், அங்கேயுள்ள பெண்கள் குளிர்காற்றுக்கு முகத்தில் பூசுகிறார்கள், டாக்டர் துரை அதற்கு 'ஸீ பக்தார்ன்' என்று பேர் சொன்னார், அக்காள் முகம் வெயிலில் வெடித்துக் கிடக்கிறதே, இரண்டு சொட்டைத் தேங்காயெண்ணெயில் கலந்து பூசச் சொல்லுங்கள் என்று கடிதமும் இருந்தது. அதை அவளுக்குப் படித்துக் காட்டியவன் நான்தான். அவள் ஒரு சொட்டும் தொடவில்லை. தம்பி கொடுத்தது என்று சீசாவைப் புதுத்துணியில் சுற்றிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். நான் தொட்டேன், மாப்பிள்ளை.

ஏன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தேனிச் சந்தையில் வளையல்காரன் உங்கள் அக்காளிடம், "நீ கைய நீட்டு ஆத்தா, ஒங்க தகப்பனார அங்கன நெழல்ல உக்காரச் சொல்லு" என்றான். அவள் அவனைத் திருத்தவில்லை, சிரித்தாள். மறுநாள் மத்தியானம் அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, பெண்பிள்ளைக்கே இரண்டு சொட்டு என்றால் நாற்பத்தெட்டு வருஷம் வெயில் பார்த்த முகத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று யோசித்து, தேங்காயெண்ணெய் கலந்தால் வீரியம் போய்விடும் என்று அதையும் விட்டுவிட்டு, உள்ளங்கை நிறைய ஊற்றி, நெற்றி, கன்னம், மூக்கு, காது எல்லாம் தேய்த்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்து கண்ணாடியைப் பார்த்தால், உள்ளே பழுத்த பப்பாளி ஒன்று மீசையோடு உட்கார்ந்திருக்கிறது. சீயக்காய் போட்டேன், சாம்பல் போட்டேன், புளி போட்டேன். தோல்தான் எரிந்தது, நிறம் போகவில்லை. கழுத்துக்குக் கீழே மட்டும் என் சொந்தக் கறுப்பு.

குடத்தோடு வந்தவள், "ஏங்க, என்னங்க இது மூஞ்சி?" என்றாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "காமாலை போலத் தெரியுது" என்று வந்துவிட்டது. வைத்தியர் சின்னச்சாமி வந்து இமையைப் புரட்டிப் பார்த்து, "கண்ணு வெள்ளையா இருக்கு, நகம் வெள்ளையா இருக்கு, காமாலை மூஞ்சியோட நின்னுபோச்சே" என்று வெகுநேரம் என்னையே பார்த்தார். அப்புறம் காலையும் மாலையும் மோரில் அரைத்த கீழாநெல்லி, உப்பில்லாத கஞ்சி, புளி கூடாது என்று பத்தியம் சொல்லிப் போனார். பூண்டுக் கடைக்குப் போனால் யாவாரிகள் நாலு முழம் தள்ளி நின்று விலை பேசுகிறார்கள். நாலாம் நாள் நிறம் வெளுத்தது. திடீரென்று குணமானால் சந்தேகம் வருமே என்று மறுபடியும் கொஞ்சம் தடவிக்கொண்டேன். இப்படி மூன்று தடவை.

இதோடு போயிருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். உங்கள் அக்காள் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு காப்புக் கட்டிவிட்டாள். ஒருவேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை. வருகிற செவ்வாய்க்கிழமை இங்கேயிருந்து கால்நடையாகவே போய் அக்கினிச்சட்டி எடுக்கப் போகிறாள். எதற்கு வேண்டுதல் என்று நான் கேட்கவும் வேண்டுமா? என் பொய்க்காக அவள் நெருப்பை ஏந்தப் போகிறாள். காப்புக் கட்டியதை அவிழ்க்கவும் முடியாது. இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேருவதற்குள் செவ்வாய் போய்விடும் என்பதும் தெரியும். உடனே தந்தி கொடுத்து அவளிடம் சொல்லுங்கள் என்று கேட்கலாம் என்றால், பட்டாளத்துத் தந்தியைக் கண்டதுமே அவள் விழுந்துவிடுவாள். முதலில் உங்களிடம் சொல்லிப் பார்த்தால் அவளிடம் சொல்ல வாய் வரும் என்றுதான் எழுதுகிறேன். உங்களைப்போல் இரண்டு மடங்கு வயதானவன் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

குண்டுக்கும் குளிருக்கும் அகப்படாமல் கௌமாரி உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காள் முன்னால் தலை நிமிர முடியாத
சுருளியாண்டி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் அவளிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அன்னைக்கே தெரியும். சீசா பாதியாயிருச்சு, தலகாணி மஞ்சளாக் கெடக்கு. நீங்களாச் சொல்லுவீகளான்னு பாத்தேன். வைத்தியருக்கும் தெரியும், பொய்க்கு இதான் மருந்துன்னு அவுகதான் உப்ப நிறுத்தச் சொன்னாக" என்றாள். அப்படியானால் அக்கினிச்சட்டி யாருக்கு என்று கேட்டேன். "ஒங்க மூஞ்சிக்கா நெருப்பு எடுப்பாக? தம்பி கடுதாசி போட்டு ரெண்டு மாசமாச்சு" என்றாள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன், மாப்பிள்ளை. இத்தனை நாளும் நான் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். செவ்வாயன்று வேப்பிலையோடு அவள் பக்கத்தில் நடக்கிறேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். எண்ணெய் ஒன்றும் வேண்டாம். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி போடுங்கள்.