ரைட் ஹாஃபின் வலது முழங்கால்

பன்னீர்செல்வத்தின் வலது முழங்காலுக்கு ஒன்றுமில்லை. அது வீங்கிவிட்டதாக எழுதிக்கொடுத்துத்தான் ஆபீஸில் பத்து நாள் லீவு வாங்கியிருந்தான்.

காரணம் கல்கத்தா. அங்கே ஒரு பெரிய ஃபுட்பால் கிளப்புக்கு ரைட் ஹாஃப் தேவை, வியாழக்கிழமைக் கப்பலில் அவர்கள் ஆள் தீவுக்கு வருகிறார், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்க்கப்போகிறார் என்று டீம் கேப்டன் செபஸ்தியான் சொல்லியிருந்தான். வருகிறவர் யார், எப்படி இருப்பார் என்பது அவனுக்கும் தெரியாது.

ரைட் ஹாஃப் என்றால் நடு மைதானத்தில் பந்தைப் பிடுங்கி முன்னால் இருப்பவர்களுக்குக் கொடுக்கிற வேலை. கோல் போடுகிறவன் பெயர் ஊருக்கே தெரியும். பன்னீர் பெயர் செபஸ்தியானுக்குத் தெரியும். வயது இருபத்தேழு முடிந்துவிட்டது. இனிமேல் ஒருவன் ஆள் தேடிக் கடல் தாண்டி வரப்போவதில்லை.

லீவின் இரண்டாம் நாளே, ஹெட் கிளார்க் ஜம்புலிங்கம் கராச்சர்மாவில் இருக்கும் வீட்டுக்கே அவனைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அவர் சிரித்து ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை. பன்னீரின் மனைவி இந்திராணி அவசரமாகப் பழைய வேட்டியைக் கிழித்து முழங்காலில் கட்டினாள். வந்தவர் கட்டை வெகுநேரம் பார்த்தார். டீயைக் குடித்தார். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கட்டைப் பார்த்த தெரு முழுக்க விசாரிக்கத் தொடங்கியது. பக்கத்தில் எங்கும் ஓடிப் பயிற்சி எடுக்க முடியவில்லை. நொண்டிக்கொண்டே பஸ் ஏறி, தூரத்துக் கிராமமான சௌல்தாரியில் இறங்கி, அறுத்த வயலில் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு, நொண்டிக்கொண்டே திரும்பினான். நாலாம் நாள் அடுப்படிக்கும் நொண்டியபடி வந்தான்.

"இங்க யாருங்க பாக்கறா? நேரா நடங்க" என்றாள் இந்திராணி.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வலது ஓரமாகப் பந்தோடு பறந்துகொண்டிருந்தவன், பெவிலியன் முன்வரிசையில் ஜம்புலிங்கத்தைப் பார்த்தான். அவருக்குப் பக்கத்தில் ஒருவர் கடலை உரித்துக்கொண்டிருந்தார். பொய் லீவு என்று தெரிந்தால் இருக்கிற வேலையும் போகும். அந்த இடத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். பந்து எதிராளியிடம் போயிற்று.

எதிர்ப்பக்கம், இடது ஓரத்தில், ஒரு வங்காளி நோட்டும் பென்சிலுமாக நின்றிருந்தார். அவர்தான் கல்கத்தா ஆள் என்று பன்னீர் முடிவு கட்டினான். செபஸ்தியானிடம் கெஞ்சி, லெஃப்ட் ஹாஃப் பிரகாசத்தோடு இடம் மாற்றிக்கொண்டான். அந்தப் பக்கம் போனதும் கால் சரியாகிவிட்டது. மூன்று பேரைத் தாண்டி அவன் கொடுத்த ஒரு பந்தில் கோலே விழுந்தது. வங்காளி ஏதோ எழுதினார்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. இடது ஓரம் இப்போது பெவிலியனுக்கு முன்னால் வந்து நின்றது.

மறுபடி மாற்றும்படி கேட்டான்.

"அரே, ஆட்டமா ஆடுறோம், வீடா மாத்துறோம்? பேசாம அங்கயே நில்லுடா" என்றான் செபஸ்தியான்.

மீதி ஆட்டம் முழுக்க ஜம்புலிங்கத்தின் கண்ணெதிரே, இருபது கஜ தூரத்தில், பன்னீர் ஒற்றைக்காலை இழுத்துக்கொண்டு திரிந்தான். அவனைத் தாண்டி இரண்டு கோல் போயிற்று. விசில் ஊதியபோது வங்காளி சைக்கிளில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். துரத்திப் பிடிக்கலாம் என்றால் ஜம்புலிங்கம் இறங்கி வந்துவிட்டார். பக்கத்தில் கடலை உரித்தவரின் நாற்காலி காலியாக இருந்தது.

வேலையாவது மிஞ்சட்டும் என்று பன்னீர் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக நொண்டிக்கொண்டு போனான். வலியைப் பொறுத்துக்கொண்டு டீமுக்காக ஆடியதாகச் சொன்னான். ஜம்புலிங்கம் அவன் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கல்கத்தாக்காரரை லெட்டர் போட்டு வரவழைச்சு, பக்கத்துலயே உக்காரவெச்சதும் நான்தானப்பா, உன் கால்வலி பொய்தான்னு அவ்வளவு நம்பிக்கையா இருந்தேன்."