அனுமதிக்கப்பட்ட எடை

நெருப்பு, சக்கரம் இவற்றுக்கு அடுத்தபடியாக மனித அறிவு கண்ட மாபெரும் முன்னேற்றம் எங்கள் அலுவலக வரவேற்பறையில், குடை வைக்கும் வாளிக்கும் வாடிப்போன செடித்தொட்டிக்கும் நடுவில் நிகழ்ந்தது. ஒரு திங்கட்கிழமை காலை அங்கே எடை பார்க்கும் மெஷின் ஒன்று கொண்டுவந்து வைக்கப்பட்டது.

நாங்கள் லிஃப்ட் செய்கிறவர்கள். ஜனங்களைத் தூக்கிவிடுவதே எங்கள் தொழில். எங்களைத் தூக்கிவிட வந்தவர்தான் புதிய மேலாளர். விமானத்தில் வரும்போது அவர் ஒரு பத்திரிகையைப் புரட்டினார். வயதுவந்தவர்களின் உடல் எடைக்கும் சிந்தனைத் திறனுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அதில் போட்டிருந்தது. கட்டுரையை முழுவதும் படித்தாரா என்று கேட்பது நாகரிகமல்ல. விமானம் இறங்கிவிட்டது. ‘இருக்கலாம்’ என்ற சொல் மட்டும் இருக்கையிலேயே தங்கிவிட்டது.

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. ‘சிந்தனை சார்ந்த பணிகளுக்கு அனுமதிக்கப்பட்ட எடை: 65 கிலோ. மிகுந்தவர்கள் சிந்திக்கும் சிரமத்திலிருந்து அன்புடன் விடுவிக்கப்படுகிறார்கள். அவர்களிடம் யோசனை கேட்பதும் தவிர்க்கப்பட வேண்டும்.’

விளக்கக் கூட்டத்தில் விற்பனைப் பிரிவுக்காரர் எழுந்தார். “சார், ஆளோட உயரத்தையும் பார்க்கணும்ல?”

“உயரத்த லிஃப்ட் பார்த்துக்கும். நாம எடையப் பார்ப்போம்” என்றார் மேலாளர்.

கணக்குப் பிரிவுக்காரர் கை தூக்கினார். “நான் எழுபது கிலோ சார். ஆனா ஆபீஸ்ல நான் எதையும் யோசிக்கிறதே இல்லையே?”

“அப்ப உங்களுக்கு விலக்கு உண்டு. உக்காருங்க.”

மேலாளர் மட்டும் மெஷினில் ஏறவில்லை. அளவுகோலை யாராவது அளப்பார்களா? ஆறடி மனிதர். கறுப்புக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றவே மாட்டார். உட்காரும்போது மூச்சை உள்ளே இழுத்து வெகுநேரம் பிடித்து வைத்திருப்பார். அது ஏதோ தியானம் என்று நான் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் அவள்தான். லிஃப்டின் கணக்கு முழுவதும் அவள் போட்டது. லிஃப்டுக்குள்ளிருந்து பேசும் குரலும் அவளுடையது. வெளியிலிருந்து ஆளைக் கூப்பிட்டால் செலவாகும் என்று பழைய மேலாளர் அவளையே பேசவைத்துப் பதிவு செய்திருந்தார். ‘எடை அதிகம். தயவுசெய்து ஒருவர் வெளியேறவும்’ என்று அவள் சொன்னால் யாருக்கும் கோபம் வராது. அவ்வளவு கனிவான குரல்.

அக்கா மெஷினில் ஏறினாள். தொண்ணூற்றிரண்டு.

“சார், இத்தனை வருஷத்துல நான் கணக்குப் போட்ட லிஃப்ட் ஒண்ணாவது நடுவழியில நின்னுருக்கா?” என்று கேட்டாள்.

மேலாளரின் குரல் தழுதழுத்தது. “அதாம்மா என் வருத்தமே. இந்த எடையிலயே இவ்ளோ யோசிச்சிருக்கீங்க. இளைச்சிருந்தா எவ்ளோ யோசிச்சிருப்பீங்க!”

அக்காவைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். நட்டு, போல்ட்டுகளை எண்ணும் இடம். அவள் நாற்காலிக்குத் தகுதியானவரைத் தேடி மெஷினைக் கேட்டார்கள். மெஷின் என்னைக் காட்டியது. அதுவரை நான் தபால் பிரிவில் உறைகளுக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு கிலோ. என் ஒல்லி உடம்பை இத்தனை காலம் வயிற்றுக் கோளாறு என்று நினைத்து மருந்து சாப்பிட்டிருக்கிறேன். அது அறிவு என்று அன்றுதான் தெரிந்தது.

அக்கா மேசை இழுப்பறையைக் காலி செய்யும்போது நான் பக்கத்தில் நின்றேன்.

“உனக்கு இங்க வேலை வாங்கிக் குடுத்ததே நான்தான். அத சொல்லிக் காட்டலடா. இந்தக் கணக்கெல்லாம் உனக்குத் தெரியுமா?”

“போகப் போகப் பழகிக்குவேன்க்கா.”

“உள்ள நிக்கிறது மனுஷங்கடா தம்பி. தெரியலேன்னா வெக்கப்படாம கிடங்குக்கு வந்து கேளு.”

“உன்கிட்ட கேக்கக் கூடாதுக்கா. சுற்றறிக்கையில இருக்கே.”

அக்கா என்னையே பார்த்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. எடை குறையத் தொடங்கிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

விரைவிலேயே என் அறிவுக்கு வேலை வந்தது. பத்து மாடிக் கட்டடம் ஒன்றுக்கு லிஃப்ட். அது பிடித்துப்போனால் அந்தக் கட்டடத்தின் முதலாளியம்மா இனிமேல் கட்டும் எல்லாக் கட்டடங்களுக்கும் நாங்கள்தான். ஆட்கள் எல்லாவற்றையும் பொருத்தி முடித்துவிட்டார்கள். கண்ட்ரோல் பெட்டியின் திரை மட்டும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது: ‘அனுமதிக்கப்பட்ட எடை?’

இது தெரியாதா எனக்கு? சுற்றறிக்கையையே மனப்பாடமாக வைத்திருக்கிறேன். 65 என்று போட்டேன். தனியாக ஏறிச் சோதித்தும் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு பத்தாவது மாடிக்குப் போய் நின்றது. பெருமிதத்தோடு சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன்.

திறப்பு விழா. ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலைக் கிடங்கிலிருந்து அக்காவே எடுத்துவந்து ஓரமாக நின்றாள். முதலாளியம்மா, அவருடைய ஆட்கள், மேலாளர், நான் எல்லோரும் லிஃப்டுக்குள் ஏறினோம்.

‘எடை அதிகம். தயவுசெய்து ஒருவர் வெளியேறவும்.’

முதலாளியம்மாவின் டிரைவர் இறங்கினார். குரல் மறுபடியும் சொன்னது. நான் இறங்கினேன். என்னால் எடை கூடியிருக்க வழியில்லை என்றாலும் முன்மாதிரியாக இருக்கட்டுமே. ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கினார்கள். கடைசியில் முதலாளியம்மாவும் இறங்கிவிட்டார். உள்ளே மேலாளர் மட்டும்.

‘எடை அதிகம். தயவுசெய்து ஒருவர் வெளியேறவும்.’

மேலாளர் மூச்சை இழுத்துப் பிடித்தார். கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். ஷூவைக் கழற்றினார். கைக்கடிகாரத்தையும் கழற்றினார். என் அக்காவின் குரல், மரியாதையில் இம்மியும் குறையாமல், அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

முதலாளியம்மா என்னிடம் கேட்டார். “இப்ப உள்ள ஒருத்தர்தானே இருக்கார்?”

“ஆமாம்மா.”

“அப்ப அவரைத்தான் வெளியேறச் சொல்லுதா?”

மேலாளர் பொறுமை இழந்து அக்காவைப் பார்த்துக் கத்தினார். “என்னம்மா கோளாறு இது? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க!”

“யோசிக்க எனக்கு அனுமதி இல்லையே சார்” என்றாள் அக்கா. பிறகு என் காதருகே வந்தாள். “டேய், பெட்டியில என்னடா போட்ட? சுற்றறிக்கையில இருந்த எடையவா?”

“பின்ன? வேற எந்த எடைய அனுமதிச்சிருக்காங்க?” என்றேன் நிமிர்ந்து.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிடங்குக்குப் போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்து எண்ணை மாற்றினாள். எல்லோரையும் ஒன்றாக ஏற்றிப் பத்தாவது மாடிக்குப் போய்த் திரும்பி வந்தாள்.

முதலாளியம்மா அவளையே உற்றுப் பார்த்தார். “லிஃப்டுக்குள்ள பேசுறது நீங்கதானே? நாளையிலேருந்து என்கிட்ட வந்துடுங்க. நான் யாரையும் மெஷின்ல ஏறச் சொல்றதில்ல.”

அக்கா போய்விட்டாள். அவள் பின்னாலேயே அந்தக் கட்டடங்களும் போயின.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் மேலாளர், உறுப்பினர் நான். குற்றவாளி லிஃப்ட்தான் என்று நான் நிரூபித்தேன். அதன் எடை ஆயிரம் கிலோவுக்கு மேல். அதற்குச் சிந்தனைத் திறன் எங்கிருந்து வரும்? மேலாளர் என்னைக் கட்டித் தழுவிக்கொண்டார். அந்த அணைப்பில் எனக்கு மூச்சு முட்டியது.

அனுமதிக்கப்பட்ட எடையும் 95 கிலோவாகத் திருத்தப்பட்டது. இது மேலாளரின் எடை என்று சிலர் கிசுகிசுத்தார்கள். புதிய ஆராய்ச்சி என்று நான் விளக்கம் கொடுத்தேன். தொண்ணூற்றிரண்டு இதற்குள் தாராளமாக அடங்கும் என்பதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கக்கூடியவளை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தோம்.

அக்கா இப்போது என்னோடு பேசுவதில்லை. அலுவலக லிஃப்டில் மட்டும் அவள் குரல் இன்னும் இருக்கிறது. கூட்டமாக ஏறினால் கனிவாகப் பேசுகிறது. நான் தனியாக ஏறினால் ஒரு வார்த்தை பேசுவதில்லை. உள்ளே ஆள் இருப்பதாகவே அதற்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.