சாந்துத் தலைக்குப் பேய் பிடித்த கதை

எங்கள் ஓருரோ நகரில் அந்தக் கார்னிவல் சமயத்தில் யாராலும் நிம்மதியாகக் கொட்டாவி விட முடியவில்லை. தாடையில் ‘டக்’ என்று சத்தம் வந்தால் பேயாம்! கண்டுபிடித்தவர் பேயோட்டும் சாமியார் செனோபியோ; மரியாதைக்கு ‘தோன்’ என்று கூப்பிடுவோம். பேயைத் தரம் வேறு பிரித்து வைத்திருந்தார். முதல் தரத்துக்கு முட்டை, இரண்டாவதற்குக் கோழி, மூன்றாவதற்கு ஒட்டகச் சாயலில் இருக்கும் எங்கள் மலை மிருகம், கறுப்பு லாமா. பசி பேய்க்கு, தொப்பை செனோபியோவுக்கு! வாசலில் கூட்டம் தெருமுனை வரை நின்றது.

டிரம்பெட் வாசிக்கும் எலெயுத்தேரியோவுக்கு வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: “தசை வலின்னா ஒத்தடம் போதும். மூட்டுக்குள்ள இருக்கிற தட்டு நழுவித் தானா திரும்பினா, பொறுத்துப் பார்க்கலாம். உங்களுது நழுவி மாட்டிக்கிட்ட வகை. ஒத்தடம், பயிற்சி எல்லாம் பார்த்தாச்சு. வியாழக்கிழமை காதோரமா சின்னத் துளை போட்டு, குழாய் விட்டுச் சரிபண்ணிடலாம்.”

இதைக் கேட்டதும் செனோபியோ கைகொட்டிச் சிரித்தார். “கத்தி பட்டா காது வழியா காத்து போயிடும். அப்புறம் டிரம்பெட்ல வெறும் புஸ்ஸுதான்!”

எலெயுத்தேரியோ நம்பிவிட்டான். மனைவி நியேவெஸ் விடவில்லை.

“யோவ், சூப்பு குடிச்சே எலும்பாயிட்டியே! வியாழக்கிழமையை விட்டா மறுபடி எப்போ கூப்பிடுவாங்களோ!”

“சாமியாரைச் சோதிக்காதடி” என்றான், பல்லைத் திறக்காமலே.

சோதித்தாள். செனோபியோவிடம் வருபவர்கள் முகத்தைக் கம்பளிச் சால்வையால் சுற்றிக்கொண்டு, இருட்டறையில் பேசாமல் உட்கார வேண்டும். நியேவெசுக்கு வேலை முகமூடிக் கடையில். அச்சுக்கு வைத்திருந்த சாந்துத் தலை ஒன்றை உருளைக்கிழங்கு மூட்டைமேல் வைத்து, சால்வை சுற்றி, தொப்பியும் போட்டு செனோபியோவின் இருட்டறை நாற்காலியில் உட்கார்த்தினாள். “எங்க அக்கா, தோன். வாயே திறக்க முடியல.”

செனோபியோ சால்வைமேல் கை வைத்தார். டக்!

“ஐயோ, மூணாம் தரம்! லாமா கொண்டா! டாக்டர்கிட்ட போனா உயிரே போயிடும்!”

நியேவெஸ் கதவைத் திறந்துவிட்டு, கூட்டம் பார்க்கச் சால்வையை உருவினாள். “இது சாந்து, தோன். தாடையும் கிடையாது, மூட்டும் கிடையாது. அப்போ டக்குன்னது எது?” அவர் மணிக்கட்டைப் பிடித்து உதறினாள். அமுக்கினால் சத்தம் போடும் தகரத் தவளை பொம்மை ஒன்று தரையில் விழுந்தது.

கூட்டத்தில் ஒரு அம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். “சாந்தையே பிடிச்சிருக்குன்னா, பொல்லாத பேய்தான்!”

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எலெயுத்தேரியோவுக்குச் சிரிப்பு வந்தது, வாய்தான் திறக்கவில்லை. அழுதுவிட்டான். “வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?” என்று மனைவியைக் கேட்டான்.

மாட்டிக்கொண்ட தாடையை டாக்டர் திறந்துவிடுவார். பூட்டிக்கொண்ட மூளைக்கு எந்த டாக்டரும் குழாய் விட முடியாது, மக்களே. அதை உள்ளே இருப்பவர்தான் திறக்க வேண்டும்!