பதினோராம் நம்பர் வீடு

தங்கைக்குக் கல்யாணப் பரிசு கொடுக்கப் போய், அந்தக் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்த அண்ணன் கனடாவில், ஸ்காபரோவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆராய்ச்சி செய்தேன், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. கணினி வேலை. இணையத்தில் தேடினால் கிடைக்காதது உலகத்திலேயே இல்லை என்று நம்பினேன். (கிடைப்பதெல்லாம் உண்மை என்றும் நம்பினேன். வினை அங்கேதான்.) தங்கை வாணிக்கும் கஜனுக்கும் கல்யாணத்துக்கு ஐந்து கிழமை இருந்தது. தாங்களாகவே விரும்பி, இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கியிருந்தார்கள். கார்ட் கொடுத்து முடிந்துவிட்டது. எல்லோரும் நகை கொடுப்பார்கள், நான் இரண்டு குடும்பத்து வம்சத்தையும் வரைந்து சட்டம் போட்டுக் கொடுப்பது என்று முடிவெடுத்தேன்.

இரண்டு பக்கத்துப் பூட்டன்மாரும், அதாவது அப்பாமாரின் தாத்தாமாரும், மலாயா ரயில்வேயில் கிளார்க் வேலை பார்த்தவர்கள். எங்கள் பூட்டன் வேலுப்பிள்ளை. கஜனின் பூட்டன் தம்பையா. அந்தக் காலத்தில் ரயில்வே குவார்ட்டர்சில் வீடு வீடாக எடுத்த குடிசனக் கணக்கு ஒன்றை யாரோ புண்ணியவான்கள் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். வேலுப்பிள்ளை என்று அடித்தேன். வந்தார்! பத்தாம் நம்பர் வீடு. வேலுப்பிள்ளை, பூட்டி அன்னம்மா, இரண்டு மகன்மார். மூத்தவர் எங்கள் அப்பப்பா, அப்பாவின் அப்பா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கீழே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அதே பத்தாம் நம்பர் வீடு. தெய்வானை, வயது இருபத்திரண்டு. செல்வத்துரை, வயது மூன்று.

கலங்கிய கண் காய்ந்துவிட்டது. செல்வத்துரை கஜனின் அப்பப்பா. தெய்வானை அவரைப் பெற்றவர். அவர்களுக்கு எங்கள் பூட்டன் வீட்டில் என்ன வேலை? தம்பையா எங்கே? தேடிப் பார்த்தேன். அப்படியொருவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. யாருக்கு யார் என்ன உறவு என்று அதில் எழுதவில்லை. அதை நானே எழுதிக்கொண்டேன். பூட்டனுக்கு இரண்டு குடும்பம். தம்பையா என்பது மானத்தை மறைக்கச் சொன்ன கதை. அப்படியென்றால் எங்கள் அப்பப்பாவும் கஜனின் அப்பப்பாவும் ஒரு தகப்பனின் பிள்ளைகள். வாணியும் கஜனும் அண்ணன் தங்கை முறை!

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மல்வேர்னில் எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து அப்பாவிடம் சொன்னேன்.

“உனக்கென்ன விசரே?” என்றார்.

திரையைக் காட்டினேன். தன் தகப்பனின் பெயரையும் செல்வத்துரையின் பெயரையும் விரலால் தொட்டுப் பார்த்தார். கதிரையை இழுத்து மெல்ல உட்கார்ந்தார்.

“வாணிக்குச் சொன்னனியோ?”

“இல்லை.”

“மறைச்சு வைச்சுத் தாலி கட்ட விடேலாது. அவையிட்டப் போய்க் கேப்பம்.”

அன்று பின்னேரமே டோர்செட் பார்க்கில் கஜன் வீட்டு வரவேற்பறையில் இருந்தோம். வாணி ஃபார்மசி வேலை முடிந்து அதே உடுப்போடு நேரே அங்கு வந்தாள். “என்ன விசயம்?” என்று கேட்டாள். அப்பா என்னைக் கைகாட்டினார். நான் மடிக்கணினியைத் திறந்து, ஆபீஸ் கூட்டத்தில் பேசுகிற குரலில் தொடங்கினேன். (“கிடைத்த ஆதாரங்களின்படி” என்றுகூடச் சொன்னேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.)

நான் முடித்தபோது கஜனின் அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“தம்பி, நீர் ஆரைப் பற்றிக் கதைக்கிறீர் எண்டு விளங்குதோ? அவ என்ர அப்பாவைப் பெத்த தாய்.”

“அங்கிள், நான் சொல்லேல்லை, ரெக்கோர்ட்டில…”

“என்ர வீட்டுக்குள்ள வந்திருந்து என்ர அப்பம்மாவில பழி போடுறீர். எழும்பும். இந்தக் கலியாணமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்.”

“அண்ணை, பிள்ளையளின்ர நன்மைக்குத்தான்…” என்று அப்பா எழுந்தார். கஜன் வாணியையே பார்த்துக்கொண்டிருந்தான். வாணியின் முகத்தில் இரத்தமே இல்லை. ஐந்து நிமிடத்தில் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாணி என்னிடம் திரும்பினாள்.

“அண்ணா, இது ஆரோ டைப் பண்ணினதுதானே? ஒரிஜினல் இமேஜைப் பாத்தனியோ?”

“இல்லை.”

“ஏன்?”

“அதுக்கு இன்னொருக்கா கிளிக் பண்ணோணும்.”

கணினியைப் பறித்தாள். டாக்டர்களின் கிறுக்கலை வாசித்தே சம்பளம் வாங்குகிறவள் அவள். பழுப்பேறிய பக்கம் திரையில் விரிந்தது. வீட்டு நம்பரைப் பத்து என்று ஒருமுறை எழுதிவிட்டு, அதன் கீழே ஒவ்வொரு பெயருக்கும் ‘மேற்படி’ என்று காட்ட இரண்டு சின்னக் கோடு போட்டிருந்தார்கள். தெய்வானைக்கு நேரேயும் இரண்டு கோடு.

“பாத்தியா, மேற்படிதான்” என்றேன். (வாயை மூடத் தெரியாத வயது.)

“பொறு. உந்த ரெண்டு கோடும் உயரமாயிருக்கு. அடுத்த வீட்டு நம்பர் என்ன?”

“பன்னிரண்டு.”

“அப்ப பதினொண்டு எங்கை?”

11. இரண்டு கோடு. தட்டச்சு செய்தவர் அதை மேற்படி என்று எடுத்துவிட்டார். தெய்வானையும் பிள்ளையும் பக்கத்து வீட்டுக்காரர்கள்! அடுத்த வீட்டில் மரியாதையாக இருந்த ஒரு பெண்ணைத்தான் நான் பூட்டன் வீட்டுக்குள் குடியேற்றியிருந்தேன்.

“அப்ப தம்பையா?” என்றேன்.

“அந்தக் காலத்து இங்கிலீஷ் கையெழுத்தில ‘T’ எல்லாம் ‘J’ மாதிரி இருக்கு” என்றாள் வாணி. கஜன் போனை எடுத்து அப்படியே மாற்றி அடித்தான். ஜம்பையா! ஊர், வயது, வேலை எல்லாம் சரி. கணக்கெடுத்த அன்று வேறொரு ஸ்டேஷனில் வேலையில் இருந்திருக்கிறார், அங்கேயே எண்ணிவிட்டார்கள்.

கஜனின் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பெயரை நெடுநேரம் பார்த்தார். “ஜம்பையா” என்று மெல்லச் சொன்னார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் அருகில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, சுவரில் இருந்த அப்பம்மாவின் படத்தைக் காட்டினார்.

“என்னட்டை வேண்டாம். அவவிட்ட மன்னிப்புக் கேளும்.”

கேட்டேன். அத்தனை பேர் பார்க்க, கை கூப்பி, சத்தமாக.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. வாணி என்னோடு பேசத் தொடங்கியது அதற்கு மூன்று நாள் முன்புதான். மண்டபத்தில் கஜன் தன் நண்பர்களிடம் என்னை, “இவர் என்ர அண்ணை, பத்தாம் நம்பர் வீட்டுக்காரர்” என்று அறிமுகம் செய்தான். பக்கத்தில் நின்ற அவன் அப்பா அதைத் திருத்தவில்லை.

இப்போது அவர்களுடைய மகளுக்கு ஆறு வயது. தாயின் அண்ணன் என்ற முறையில் நான் அவளுக்கு மாமா. அவள் கூப்பிடுவது, கஜன் பழக்கிவிட்டபடி, பெரியப்பா என்று. கோயிலில், சூப்பர் மார்க்கெட்டில், நாலு பேர் கூடிய இடமெல்லாம் பெரியப்பா. ஒருமுறையாவது மாமா என்று சொல்லம்மா என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொல்கிறாள்:

“நோ, பெரியப்பா. ரெக்கோர்ட்டில அப்பிடித்தானாம்.”