பன்னிரண்டு வோல்ட் சதி

ஒரு பழைய மொபைல் போனைக் கொலை செய்வதென்று சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன். போன் என் மனைவியுடையது. திரை செத்துப் பல வருஷமாகிறது. ஆனால் உள்ளே இருக்கும் மெசேஜ்கள்? அவை இன்னும் சாகவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு, காதல் கண்ணை மறைத்த ஒரு நாளில், ஞாயிற்றுக்கிழமைச் சமையல் பற்றி அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பித் தொலைத்திருந்தேன்.

"ஏதோ வாக்குக் குடுத்தீங்க. அந்தப் போன்லதான் இருக்கு" என்பாள்.

"நானா? சத்தியமா இல்லை!" என்பேன். இந்தச் சத்தியத்தின் தயவில்தான் பதினைந்து வருஷமாக ஞாயிறுதோறும் பத்து மணி வரை தூங்கிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அவள் பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்கிவிட்டாள்.

"இதுக்குப் பின்னாடி சீரியல் போர்ட்னு கேபிள் செருகற இடம் இருக்குங்க. போனை இதோட இணைச்சா எல்லா மெசேஜையும் படிச்சிடலாம்."

அவள் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கிறவள். சொன்னால் செய்துவிடுவாள். நான் காப்பீட்டு அலுவலகத்தில் கையெழுத்துச் சரிபார்ப்பவன். இணையத்தைத் துழாவினேன். கிடைத்தது புதையல்! கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட் பன்னிரண்டு வோல்ட் வரை தள்ளுமாம். போன் தாங்குவதோ மூன்று. நடுவில் அதைக் குறைக்கும் கன்வெர்ட்டர் இல்லாமல் நேராக மாட்டினால் போன் கருகிவிடும், ஜாக்கிரதை என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் எச்சரிக்கை, எனக்கு வரப்பிரசாதம். நான் குதித்த குதியில் நாற்காலி சாய்ந்தது.

"நீ சிரமப்படாதேம்மா. கேபிளை நானே வாங்கி நானே மாட்டறேன்."

"நீங்களா? பல்பு மாட்டவே ஆள் கூப்பிடுவீங்களே!"

"உனக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

கன்வெர்ட்டர் இல்லாத வெறும் கம்பிக் கேபிளாகத் தேடி வாங்கி வந்தேன். மேஜையில் வைத்துவிட்டுக் குளித்தேன். பாட்டுக்கூட வந்தது. ஈரத் தலையோடு ஓடிவந்து ஒரு முனையைக் கம்ப்யூட்டரில் செருகினேன். மறுமுனையைப் போனில். புகைக்காக மூக்கைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

புகையைக் காணோம். கம்ப்யூட்டர் திரையில் போனின் மாடல் எண் பளிச்சென்று வந்தது.

"எப்படி? கருகியிருக்கணுமே!" என்று கத்திவிட்டேன்.

"நீங்க குளிக்கப் போனப்ப கேபிள் தலையைத் திறந்து, உள்ள ஒரு கன்வெர்ட்டர் வெச்சுட்டேங்க. பழைய போன் பாருங்க, பாவம்." விசைப்பலகையில் ஏதோ தட்டினாள். "இதோ, மெசேஜ் எல்லாம் வருது."

அவள் படித்து நான் கேட்பதா? அந்த அவமானத்துக்கு நானே சொல்லிவிடுவது மேல்.

"நிறுத்து! ஒத்துக்கறேன்! ஞாயிறு மூணு வேளையும் நான்தான் சமைப்பேன், பாத்திரமும் நானே கழுவுவேன், உசிர் இருக்கிற வரைக்கும்னு எழுதினேன். போதுமா?"

திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. மெசேஜ் எண்ணிக்கை, பூஜ்யம்.

"ப்ச், எல்லாம் தொலைஞ்சுபோன சிம்லயே இருந்திருக்கும்போல" என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமா, மூணு வேளையுமா? நான் காலை டிபன் மட்டும்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்!"